உறக்கத்தில் மூச்சுத் தடை: அறுவைச் சிகிச்சையின் பயனும் எல்லையும்

குறட்டை விட்டு உறங்குபவரைப் பார்த்து, "கவலையற்ற தூக்கம்" என்று கூறுவது நம் வீடுகளில் வழக்கம். அக்குறட்டையைச் சற்று நேரம் கவனித்துக் கேட்டால் சிலரிடம் வேறொன்று புலப்படும். ஒலி உயர்ந்துகொண்டே சென்று திடீரென்று அடங்கிவிடும். பத்து வினாடி, இருபது வினாடி, சிலருக்கு அதற்கும் மேல், யாதோர் ஓசையும் இராது. பிறகு பெருந்திணறலுடன் மூச்சு மீண்டும் எழும். உறங்குபவர் புரண்டு படுப்பார். குறட்டை மறுபடி தொடங்கும். இடையில் நிலவிய அந்த அமைதிதான் நோய். உறக்க மூச்சுத் தடை என்பது அதன் பெயர்.

இந்நோய்க்கு அறுவைச் சிகிச்சை உண்டா, உண்டெனில் அது யாருக்குப் பயன்படும் என்னும் வினாக்கள் இப்போது பெரிய நகரங்களின் மருத்துவமனைகளில் நாள்தோறும் எழுகின்றன. விடை ஒரே சொல்லில் அடங்குவதன்று.

ஓர் இரவின் பதிவு

பெங்களூரில், ஓசூர் சாலையின் மேல், நிம்ஹான்ஸ் எனச் சுருக்கமாக வழங்கும் தேசிய மனநல, நரம்பியல் விஞ்ஞானக் கழகம் அமைந்துள்ளது. 1974-ஆம் ஆண்டில், பழைய மனநல மருத்துவமனையையும் அகில இந்திய மனநலக் கழகத்தையும் இணைத்து இது உருவாக்கப்பட்டது. இங்குள்ள நரம்பு உடலியல் துறையில் மனித உறக்கத்தை ஆராய்வதற்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் உண்டு. இத்தகைய கூடங்களில் நோயாளி தம் வீட்டில் படுப்பதுபோலவே படுத்து உறங்குகிறார். அவருடைய தலையிலும் கண்ணோரங்களிலும் தாடையிலும் மின்வாய்கள் ஒட்டப்பட்டிருக்கும். மூக்கின் அருகே காற்றோட்டத்தை அறியும் உணர்கருவி, மார்பிலும் வயிற்றிலும் பட்டைகள், விரல் நுனியில் இரத்தத்தின் பிராணவாயு அளவைக் காட்டும் சிறு கவ்வி ஆகியவையும் இருக்கும்.

மூச்சுத் தடையுள்ளவரின் பதிவு தெளிவானது. மார்பும் வயிறும் மூச்சிழுக்கப் போராடுகின்றன. மூக்கிலோ காற்று ஓடுவதில்லை. பிராணவாயுவின் அளவு படிப்படியாகக் குறைகிறது. ஒரு கட்டத்தில் மூளை விழித்துக்கொள்கிறது. தொண்டைத் தசைகள் இறுகி வழி திறக்கிறது. நோயாளிக்கு இவ்விழிப்பு நினைவில் இருப்பதில்லை. காலையில் எழும்போது தலைவலியும் களைப்பும் மட்டுமே எஞ்சும்.

பத்து வினாடிக்குக் குறையாத தடைகளும் குறை மூச்சுகளும் ஒரு மணி நேரத்தில் சராசரியாக எத்தனை முறை நேர்கின்றன என்று கணக்கிடுகிறார்கள். இதனை மூச்சுத் தடை எண் எனலாம். வயது வந்தோருக்கு இது ஐந்துக்குக் குறைவாயின் இயல்பு. ஐந்து முதல் பதினைந்து வரை இலேசான நோய். பதினைந்து முதல் முப்பது வரை நடுத்தரம். முப்பதும் அதற்கு மேலும் கடுமை. இக்கட்டுரையில் பின்னால் வரும் கணக்குகள் எல்லாம் இந்த எண்ணைச் சார்ந்தவையே.

மும்பையில் 35 வயதுக்கும் 65 வயதுக்கும் இடைப்பட்ட நகர்ப்புற ஆண்களிடையே நடந்து 2004-இல் வெளிவந்த ஆய்வில், பகல் உறக்கத்தோடு கூடிய இந்நோய் நூற்றுக்கு ஏழரைப் பேருக்குக் காணப்பட்டது. இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2023-இல் வெளியான கணிப்பு, வயது வந்தோரில் நூற்றுக்குப் பதினொருவர் என்று கூறுகிறது. இவர்கள் எல்லோரும் பருத்த உடலினர் அல்லர். முகவெலும்பும் கீழ்த்தாடையும் சிறிதாக அமைந்தவர்களுக்கு, உடல் அதிகம் பருக்காமலே தொண்டையில் இடநெருக்கடி ஏற்படுவதுண்டு.

சாலையில் செல்பவர்

நிம்ஹான்ஸ் அமைந்துள்ள அதே சாலைதான் ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகச் சென்னையை நோக்கிச் செல்கிறது. இரவு முழுவதும் லாரிகள் அதில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்றை ஓட்டும் நாற்பத்திரண்டு வயது டிரைவர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். குட்டையான பருத்த கழுத்து, இரத்தக் கொதிப்பு, சுங்கச்சாவடியில் வண்டி நிற்கும் ஒரு நிமிஷத்தில் கண் சொருகிவிடுகிறது. அவர் மூச்சு நின்று நின்று வருவதைக் கவனித்து அவரை மருத்துவமனைக்கு அழைத்து வந்தவர் அவருடைய மனைவி. பதிவில் எண் ஐம்பத்திரண்டு என்று வருகிறது.

விமானம் ஓட்டுபவர்களைப் பொறுத்தவரையில் இத்தகைய குறைபாட்டை ஆராய்வதற்கு ஏற்பாடு உண்டு. 1957-இல் பெங்களூரில் தொடங்கப்பட்டு இன்று வான்வெளி மருத்துவக் கழகமாக விளங்கும் விமானப்படை நிறுவனத்தில் விமானிகளின் உடற்தகுதி பரிசோதிக்கப்படுகிறது. லாரி டிரைவரின் உறக்கத்தை விசாரிப்பவர் பெரும்பாலும் அவருடைய மனைவி ஒருவரே.

கருவியும் அதன் தொல்லையும்

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் ஸல்லிவன் என்னும் மருத்துவர் 1981-இல் வெளியிட்ட முறையே இன்றும் முதற்சிகிச்சையாகும். மூக்கின்மேல் பொருந்திய முகமூடி வழியாகச் சிறிது அழுத்தத்துடன் காற்றைத் தொடர்ந்து செலுத்தினால், அக்காற்றே உள்ளிருந்து தாங்கித் தொண்டை மூடாமல் காக்கிறது. மருத்துவமனைகளில் 'ஸி-பாப்' என வழங்கும் கருவி இதுவே. அணிந்த முதல் இரவிலேயே பலருக்குத் தடைகள் நின்றுவிடுகின்றன. மத்திய அரசின் சுகாதாரத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு, உறக்கப் பதிவின் ஆதாரத்தோடு நிபுணர் சிபாரிசு செய்தால், விலையின் வரையறுக்கப்பட்ட பகுதியைத் திட்டமே ஏற்கிறது.

ஆயினும் கருவி நோயைப் போக்குவதில்லை. அணிந்திருக்கும் வரையில் தடுத்து நிறுத்துகிறது, அவ்வளவே. மூக்கடைப்பு, வாய் வறட்சி, முகமூடியின் உறுத்தல், மூச்சு முட்டுவதுபோன்ற அச்சம் ஆகியவற்றால் அதைக் கைவிடுபவர் பலர். நமது டிரைவருக்கு இன்னொரு சங்கடம்: அவர் பாதி இரவுகள் உறங்குவது லாரியின் முன்னறையில். "ஒருமுறை அறுத்துவிட்டால் தொல்லை தீருமா, டாக்டர்?" என்று அவர் கேட்பதில் நியாயம் உண்டு.

அறுவைச் சிகிச்சை வளர்ந்த விதம்

பகல் முழுவதும் உறங்கி வழியும் பருத்த சிறுவன் ஒருவனைச் சார்லஸ் டிக்கன்ஸ் தமது 'பிக்விக்' நாவலில் 1836-37-இலேயே படைத்துவிட்டார். 1956-இல் அமெரிக்க மருத்துவர்கள் உடற்பருமனும் குறை சுவாசமும் சேர்ந்த ஒரு நோய்க்கு அந்நாவலின் பெயரையே சூட்டினர். உறக்கத்தில் மூச்சு நிற்பது தான் கோளாறின் மூலம் என்பது 1965-இல், பிரான்சிலும் ஜெர்மனியிலும் தனித்தனியே நடந்த இரவுப் பதிவுகளால் வெளிப்பட்டது.

முதல் அறுவைச் சிகிச்சை எளிய தர்க்கத்தில் எழுந்தது. அடைப்பு தொண்டையில் இருக்கிறது. ஆகவே அதற்குக் கீழே கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழலுக்கு நேரே வழி அமைத்துவிட்டால் அடைப்பினால் தீங்கில்லை. ஜெர்மனியில் கூலோ முதலானோர் 1969-இல் இம்முறையை வெளியிட்டனர். நோய் நீங்கியது. ஆனால் கழுத்தில் துளையும் குழாயும் தாங்கி வாழ்வது எளிதன்று. ஆகவே வேறு வழியற்ற சிலருக்கே இது இன்று செய்யப்படுகிறது.

ஜப்பானில் இகேமாட்ஸு என்பவர் குறட்டையை நீக்குவதற்காக மெல்லண்ணத்தையும் உள்நாக்கையும் திருத்தி அமைக்கும் முறையைக் கையாண்டிருந்தார். அதனை மூச்சுத் தடைக்கு ஏற்றவாறு மாற்றி, அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஃபுஜிட்டா 1981-இல் வெளியிட்டார். உள்நாக்கும், மெல்லண்ணத்தின் விளிம்பும், டான்சில் சதைகளும் அகற்றப்பட்டு, தொண்டையின் சுவர் இழுத்துத் தைக்கப்படும். காற்றழுத்தக் கருவியும் இச்சிகிச்சையும் ஒரே ஆண்டில் உலகுக்கு அறிமுகமாயின என்பது கவனிக்கத்தக்கது. அடுத்த பத்தாண்டுகளில் பல நாடுகளில் அறுவைச் சிகிச்சை மிகுதியாகச் செய்யப்பட்டது.

'வெற்றி' என்பதன் பொருள்

1996-இல் இதுகாறும் வெளியான முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இச்சிகிச்சை பெற்றவர்களுள் நூற்றுக்குச் சுமார் 41 பேருக்கே வெற்றி கிட்டியது என்று தெரிந்தது. அந்த 'வெற்றி' என்னும் சொல்லையும் சற்று ஆராய வேண்டும். தடை எண் பாதியாகக் குறைந்து, இருபதுக்குக் கீழே வந்தால் வெற்றி என்பது அறுவை நிபுணர்களிடையே நெடுங்காலமாக வழங்கும் அளவுகோல். அறுபது என்னும் எண்ணுடன் மேஜையில் படுத்தவர் பத்தொன்பதுடன் எழுந்தால் கணக்கில் அவர் வெற்றி பெற்றவர். மேலே கூறிய பாகுபாட்டின்படியோ அவர் இன்னும் நடுத்தர நோயாளி. அவருக்குப் பயனே இல்லை என்று கூற முடியாது. கடுமையான நோயின் பெரும்பகுதி நீங்கியிருக்கிறது. ஆனால் அவர் குணமாகிவிட்டார் என்று கூறவும் முடியாது. மருத்துவர் ஒரு பொருளில் சொல்வதை நோயாளி வேறு பொருளில் கேட்டுக்கொள்வது இங்கேதான்.

இதைவிட அபாயமானது ஒன்றுண்டு. குறட்டை என்பது பெரும்பாலும் மெல்லண்ணமும் உள்நாக்கும் அதிர்வதால் எழும் ஓசை. அவற்றைக் குறைத்தால் ஓசை குறையும். அடைப்பு நாக்கின் அடிப்பகுதியில் இருந்தால் அது அப்படியே இருக்கும். வீட்டார் நிம்மதியாக உறங்குவர். நோயாளியின் மூச்சு முன்போலவே நிற்கும். இப்போது அதை எச்சரிக்கக் குறட்டையும் இல்லை. லேசர் கதிரால் உள்நாக்கைச் சுருக்கும் முறை மூச்சுத் தடைக்கு ஏற்றதன்று என்று நிபுணர் சங்கங்கள் கூறுவதற்கு, போதிய பயனின்மையோடு இதுவும் ஒரு காரணம்.

பழைய முறையில் மெல்லண்ணத்தை அதிகமாக வெட்டியவர்களுக்கு, விழுங்கும் நீர் மூக்கில் ஏறுதல், குரல் மூக்கொலியாதல், தழும்பு இறுகித் தொண்டை மேலும் குறுகுதல் ஆகியவை நேர்ந்ததுண்டு. பிற்பாடு கருவி தேவைப்பட்டபோது, காற்று வாய் வழியே கசிந்து அதையும் அணிய இயலாமற் போனவர்களும் உளர். இவற்றைக் கண்டபின், வெட்டி நீக்குவதைக் குறைத்து, தொண்டையின் பக்கச் சுவர்த் தசைகளை இடம் மாற்றித் தைத்து வழியை அகலமாக்கும் முறைகள் 2007-க்குப் பின் பரவியுள்ளன.

கருவியைத் தாங்கமுடியாத 102 பேரைக் கொண்டு ஆஸ்திரேலியாவில் நடந்து 2020-இல் வெளியான பரிசோதனை, இத்துறையில் நம்பத்தக்கவற்றுள் ஒன்று. மெல்லண்ணத்தைத் திருத்தி, நாக்கின் சதையையும் ரேடியோ அலைகளால் சுருக்கிய பிரிவினரின் சராசரி எண் ஆறு மாதத்தில் 47.9-இலிருந்து 20.8 ஆயிற்று. அறுவையின்றி வழக்கமான கவனிப்புப் பெற்ற பிரிவினருக்கு 45.3-இலிருந்து 34.5 ஆயிற்று. சிகிச்சை பயனுடையது என்பதற்கும், அது முழுக் குணமன்று என்பதற்கும் இந்த ஒரே கணக்குப் போதுமானது.

அடைப்பு எங்கே?

ஆகவே முதற்கேள்வி, எதை அறுப்பது என்பதன்று. வழி எங்கே மூடுகிறது என்பதே. விழித்திருக்கும் நோயாளியின் வாயைத் திறந்து பார்த்தால் ஓரளவே தெரியும். 2002-இல் ஃப்ரீட்மன் என்னும் அமெரிக்க நிபுணர் டான்சிலின் பருமனையும், நாக்கு அண்ணத்தை மறைக்கும் அளவையும், உடற்பருமனையும் சேர்த்து நோயாளிகளை மூன்று வகுப்பாகப் பிரித்தார். பெரிய டான்சிலும் தாழ்ந்த நாக்கும் உடைய முதல் வகுப்பினரில் நூற்றுக்கு எண்பது பேருக்கு அண்ணச் சிகிச்சை வெற்றி தந்தது. சிறிய டான்சிலும் உயர்ந்த நாக்கும் உடைய மூன்றாம் வகுப்பினரில் அது நூற்றுக்கு எட்டுப் பேருக்கே வெற்றி தந்தது. ஒரே கத்தி, ஒரே தையல். வேறுபட்டது தொண்டை மட்டுமே.

இன்னும் நுட்பமாக அறிய, லண்டனில் கிராஃப்டும் பிரிங்கிளும் 1991-இல் ஒரு முறையை வகுத்தனர். மருந்தால் இலேசான உறக்கம் வருவித்து, மூக்கின் வழியே மெல்லிய நோக்குக் குழலைச் செலுத்தி, தொண்டை எவ்விடத்தில், எத்திசையில் மூடுகிறது என்பதை நேரே காண்கிறார்கள். மருந்தால் வந்த உறக்கம் இயற்கையான உறக்கத்துக்கு முற்றிலும் ஒப்பானதன்று. எனினும் மெல்லண்ணம், தொண்டையின் பக்கச் சுவர், நாக்கின் அடி, குரல்வளை மூடி ஆகிய நான்கில் எது குற்றவாளி என்று அறிய இதுவே சிறந்த வழியாக உள்ளது. நமது டிரைவருக்கு இச்சோதனையில் மெல்லண்ணமும் நாக்கின் அடியும் சேர்ந்தே மூடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அண்ணத்தை மட்டும் திருத்துவது அவருக்குப் பாதி வேலையாகவே முடியும்.

மூக்கின் நடுச்சுவர் வளைவைச் சீராக்குவது பற்றி ஒரு சொல். அதனால் மட்டும் மூச்சுத் தடை தீர்வது அரிது. ஆனால் மூக்கு திறந்தபின் குறைந்த அழுத்தத்திலேயே கருவி பணி செய்வதால், முன்பு முகமூடியை வீசி எறிந்தவர்கள் அதனைப் பொறுத்துக்கொள்வதுண்டு. கருவிக்குப் பதிலாக அன்றி, கருவிக்குத் துணையாகவும் அறுவைச் சிகிச்சை அமையலாம் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

குழந்தைகள்

குழந்தைகளின் நிலை வேறு. அவர்களிடம் பெரும்பாலும் டான்சிலும், மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு சதையும் வீங்கியிருப்பதே காரணம். ஆகவே அவற்றை அகற்றுவதே முதற்சிகிச்சை. அமெரிக்காவில் 5 முதல் 9 வயது வரையுள்ள 464 குழந்தைகளிடம் நடந்து 2013-இல் வெளியான பரிசோதனையில், அறுவை பெற்றவர்களுள் நூற்றுக்கு 79 பேரின் உறக்கப் பதிவு ஏழு மாதத்தில் இயல்பாயிற்று. ஆனால் அறுவையின்றிக் காத்திருந்தவர்களிலும் 46 பேருக்கு அது தானே இயல்பாயிற்று. நடத்தையும் வாழ்க்கை நலமும் அறுவை பெற்றவர்களிடம் மேம்பட்டன. கவனத்தை அளக்கும் சோதனைகளில் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை. இலேசான நோயுள்ள குழந்தையைச் சில மாதங்கள் மருத்துவரின் கண்காணிப்பில் வைத்திருப்பது அலட்சியமாகாது.

தாடையும் நரம்பும் உடற்பருமனும்

அறுவை முறைகளுள் கழுத்துத் துளைக்கு அடுத்தபடி அதிகப் பயன் தருவது, மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டையும் வெட்டி முன்னே நகர்த்திப் பொருத்துவதாகும். எலும்பு முன்னேறும்போது அதில் பற்றியுள்ள நாக்கும் அண்ணமும் உடன் முன்னேறுகின்றன. தொண்டை முழுவதும் அகலமாகிறது. 2010-இல் வெளியான தொகுப்பில் சராசரி எண் 63.9-இலிருந்து 9.5-ஆகக் குறைந்தது. எண் ஐந்துக்கும் கீழே வந்து முற்றும் குணமடைந்தவர்கள் நூற்றுக்கு 43 பேர். இது பெரிய சிகிச்சை. முகத்தின் தோற்றம் மாறும். கீழுதடு மரத்துப்போவது பலருக்கு நேர்கிறது, சிலருக்கு அது நீடிக்கிறது. தாடை இயல்பாகவே பின்வாங்கியவர்களுக்கு இது மிகவும் பொருத்தமானது.

நாக்கை இயக்கும் நரம்பை மின்துடிப்பால் தூண்டும் சிறு கருவியை மார்பின் தோலுக்கடியில் பதிக்கும் முறைக்கு அமெரிக்காவில் 2014-இல் அனுமதி கிடைத்தது. அவ்வாண்டு வெளியான ஆய்வில் 126 பேரின் நடுத்தர எண் ஓராண்டில் 29.3-இலிருந்து 9.0 ஆயிற்று. அண்ணம் எல்லாப் புறத்திலிருந்தும் வட்டமாகச் சுருங்கி மூடுபவர்களை இவ்வாய்வில் சேர்க்கவில்லை. விலை மிகுதி.

உடற்பருமன் மிக்கவர்களுக்கு இரைப்பை அறுவைச் சிகிச்சையும் பேசப்படுகிறது. 2012-இல் வெளியான ஆஸ்திரேலியப் பரிசோதனையில், இரைப்பைப் பட்டை பொருத்தப்பட்டவர்கள் சராசரி 27.8 கிலோவும், உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் 5.1 கிலோவும் எடை இழந்தனர். தடை எண் இருபிரிவிலும் குறைந்தது. எடையில் இருந்த பெரிய வேற்றுமை தடை எண்ணில் காணப்படவில்லை. உடல் இளைத்தவுடன் நோயும் நீங்கிவிட்டதாக எண்ணிக் கருவியைக் கைவிடக் கூடாது என்பதற்கு இது சான்று. எடையைக் குறைக்கும் டிர்செப்படைடு என்னும் ஊசி மருந்துக்கு, பருமனோடு கூடிய நடுத்தர, கடும் மூச்சுத் தடைக்காக அமெரிக்கா 2024 டிசம்பரில் அனுமதி அளித்திருப்பதால், வருங்காலத்தில் கத்தியின் இடம் மேலும் சுருங்கக்கூடும்.

மேஜைக்கு முன்னும் பின்னும்

மூச்சுத் தடை உள்ளவருக்கு எந்த அறுவைச் சிகிச்சையும், அது குடலிறக்கத்துக்காகவோ முழங்காலுக்காகவோ ஆயினும், சாதாரணமானதன்று. மயக்க மருந்தும் அபின் இன வலிநீக்கிகளும் தொண்டைத் தசைகளைத் தளர்த்தி மூச்சையும் மந்தமாக்குகின்றன. தொண்டையிலேயே அறுவை நடந்தால் வீக்கமும் சேர்ந்துகொள்கிறது. ஆதலின் கடும் நோயுள்ளவரை முதல் இரவு பிராணவாயு அளவைக் கண்காணிக்கும் வசதியோடு வைத்திருக்கிறார்கள். நோயாளி தமது உறக்கப் பதிவை மயக்க மருந்து நிபுணரிடம் காட்டியே தீர வேண்டும். கருவி வைத்திருப்பவர் அதனை மருத்துவமனைக்கு உடன் கொண்டு செல்வது நலம்.

அமெரிக்க உறக்க மருத்துவச் சங்கம் 2021-இல் வெளியிட்ட நெறிமுறை, கருவியைத் தாங்க இயலாத அல்லது ஏற்க மறுக்கும் வயது வந்தோரை, உடற்பருமன் மிகக் கடுமையாக இல்லாதவிடத்து, அறுவை நிபுணரிடம் அனுப்பிக் கலந்து பேசச் செய்யவேண்டும் என்கிறது. அனுப்புவது பேசுவதற்காகவே என்பதை மனத்தில் வைக்க வேண்டும். டான்சில் பெருத்து வழியை அடைப்பது போன்ற வெளிப்படையான கோளாறு இருந்தால் மட்டும், அறுவையை முதற்சிகிச்சையாகவும் எண்ணலாம்.

நமது டிரைவர் அண்ணத்துக்கும் நாக்கின் அடிக்கும் சிகிச்சை பெறுகிறார் என்று கொள்வோம். இரண்டு வாரம் விழுங்குவதே வேதனை. கஞ்சியும் மோரும் ஆகாரம். ஒரு மாதத்தில் குறட்டை நின்றுவிடுகிறது. சாவடியில் கண் சொருகுவதும் குறைகிறது. சரக்கு ஏற்றுபவர் அழைக்கிறார். வீட்டில் தவணைகள் நிற்கின்றன. அவர் மறுபடியும் ஆய்வுக்கூடத்துக்கு ஏன் செல்லவேண்டும் என்று கேட்கலாம். புண் ஆறி வீக்கம் வடிந்தபின், ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து, இன்னோர் இரவுப் பதிவு எடுத்தால்தான் ஐம்பத்திரண்டு என்பது என்னவாயிற்று என்று தெரியும். நான்கு என்று வந்தால் முகமூடியை எடுத்து வைத்துவிடலாம். எடை கூடினால் நோய் திரும்பலாம் என்பதால் சில ஆண்டுகளுக்குப் பின் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். இருபத்துநான்கு என்று வந்தால், முன்னைவிடக் குறைந்த அழுத்தத்தில் கருவியை அணியவேண்டும். அல்லது பக்கவாட்டில் படுத்தல், கீழ்த்தாடையை முன்தள்ளும் பல் உறை, எடைக் குறைப்பு ஆகியவற்றுள் பொருந்துவதைச் சேர்க்கவேண்டும். அப்பதிவு முடியும் வரையில் அவர் இரவு வண்டியை ஏற்காமல், பகல் நடைகளோடு நிறுத்திக்கொள்ளும்படி மருத்துவர் எழுதிக் கொடுப்பது வழக்கம். அந்தச் சீட்டை லாரி முதலாளியிடம் காட்டுவது அவருக்கு எளிதான காரியமன்று.